ரைசர் போட்டபின் பிரேக் ஹோஸ் இழுக்குது: ஏபிஎஸ் யூனிட்டைக் கழற்றிட்டு நேர் லைன் போடலாமா?

போடி_ஏலம்

எல்லாருக்கும் வணக்கம். நான் போடிக்காரன். பூப்பாறைக்கு மேல ஒரு ஏலத்தோட்டத்துல கணக்கு பார்க்கிறேன். வாரத்துல ஆறு நாள் காலையில முந்தல் தாண்டி 17 கொண்டை ஊசி வளைவும் ஏறணும், சாயங்காலம் அதே 17-ஐயும் இறங்கணும். வண்டி வாங்கி நாலு வருஷம் ஆகுது. 160 சிசி, முன் சக்கரத்துக்கு மட்டும் ஏபிஎஸ் (பிரேக்கை அழுத்திப் பிடிச்சாலும் சக்கரம் பூட்டிக்காம காக்கிற அமைப்பு), பின்னால டிரம். எந்த வண்டின்னு சொல்லல, ஏன்னா குறை வண்டியில இல்ல, அதுல செஞ்ச வேலையில இருக்கு.

முதுகுவலிக்காக ரெண்டு மாசம் முன்னாடி 40 மில்லிமீட்டர் ஹேண்டில் ரைசர் (ஹேண்டிலை உயர்த்துற அடிக்கட்டை) போட்டேன். உட்கார்ந்தா நிமிர்ந்து இருக்கு, வலி பாதியா குறைஞ்சது. ஆனா ரைசர் போட்ட கடையில பிரேக் ஹோஸ் எட்டலேன்னு, ஹெட்லைட்டுக்குக் கீழ இருந்த கம்பி வளையத்துல இருந்து ஹோஸை வெளியே எடுத்து, சும்மா மேலாப்புல விட்டுட்டாங்க. அப்ப எனக்கு அது பெருசா தெரியல.

இப்ப இடது பக்கம் முழுசா ஒடிச்சா ஹோஸ் விண்ணுன்னு தந்தி மாதிரி நிக்குது. நியூட்ரல்ல நிறுத்தி இடது ஒடிச்சாலே இன்ஜின் சத்தம் தானா ஏறுது. டேங்க் முன்பக்கம், ஹேண்டில் திரும்புற கழுத்து ஓரத்துல அஞ்சு ரூபாய் நாணயம் அளவுக்கு பெயிண்ட் சுருங்கி எழும்பியிருக்கு, நகம் வச்சா தோல் மாதிரி உரியுது. பிரேக் ஆயில் கப்புல மேல் கோட்டுல இருந்த ஆயில் இப்ப கீழ் கோட்டை நெருங்கிடுச்சு. போன வாரத்துல இருந்து வேகத்தடை ஏறி இறங்கினா சில நேரம் ஏபிஎஸ் விளக்கு எரியுது. சாவியை அணைச்சுப் போட்டு கொஞ்ச தூரம் ஓட்டினா அணையுது.

வேற ஒரு மெக்கானிக்கிட்ட காட்டினேன். டேங்கைத் தூக்கிக் காட்டினார். உள்ள வெள்ளிக் கட்டி மாதிரி ஒரு பெட்டி. கைப்பக்கத்துல இருந்து வர்ற ஹோஸ் அதுக்குள்ள போய், இன்னொரு லைனா வெளிய வந்து, திரும்ப முன்னால ஓடி சக்கரத்துக்குப் போகுது. "பாத்தியா, ரெண்டடி தள்ளி இருக்கிற சக்கரத்துக்கு சீட்டு வரைக்கும் போயிட்டு வருது. இதைக் கழற்றிட்டு கையில இருந்து சக்கரத்துக்கு ஒரே லைனா போட்டா நீளமும் மிச்சம், லீவரும் கல்லு மாதிரி நிக்கும்" என்றார்.

கேட்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா காலையில தோட்டத்து ஜீப்பெல்லாம் ஆளை ஏத்திக்கிட்டு எதிர்ல வர்ற வேகமும், புலியூத்துக்கு மேல மூடுபனியில நனைஞ்சு கிடக்கிற ரோடும் நினைப்புக்கு வருது. எதுக்காக ரெண்டு லைன் போட்டு வச்சிருக்கான்? அவர் சொல்றது சரியா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சாந்தம்பாறை_ரைடர்

நான் நேர் லைன்தான் ஓட்டுறேன், ஒரு வருஷம் ஆச்சு. ஏபிஎஸ் விளக்கு விடாம எரிஞ்சது, யூனிட் போச்சுன்னு சொன்னாங்க. புது யூனிட் விலை கேட்டேன், தாங்காது. கழற்றிட்டு ஒரே ஹோஸ் போட்டுட்டேன். லீவர் நல்லா இருக்கு, ஒழுக்கு இல்ல. மழைக்காலத்துல மட்டும் முன் பிரேக்கை ரெண்டு விரலுக்கு மேல வச்சுப் பிடிக்கிறதில்ல, பயம்.

லோயர்கேம்ப்_ஒர்க்ஷாப்

போடித் தம்பி, முதல்ல வண்டியை மலைக்குக் கொண்டு போறதை நிறுத்து. ஆயில் குறையுது, பெயிண்ட் எழும்புது, ஹோஸ் இழுக்குது. மூணும் ஒரே இடத்தைக் காட்டுது. பஸ்லயோ ஜீப்லயோ போ. மத்ததை அப்புறம் பேசலாம்.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். பக்கத்துல வண்டி இருந்தா விரலை வச்சுக்கிட்டே படி.

வலது கைப்பிடியில ஆயில் கப்பு இருக்குல்ல, அதுக்கு அடியில இருந்து புறப்படுற லைனுக்கு நான் மேல் லைன்னு சொல்லுவேன். அது கழுத்தை ஒட்டி இறங்கி, டேங்குக்கு அடியில ஓடி யூனிட்டுக்குள்ள போகும். யூனிட்டுல இருந்து திரும்பி வந்து, கழுத்துக்குக் கீழ ஃபோர்க்கை (முன் சக்கரத்தைப் பிடிக்கிற ரெண்டு குழாய்) பிடிச்சுக்கிட்டு கேலிப்பருக்கு (டிஸ்க்கைக் கவ்வுற பகுதி) இறங்குறது கீழ் லைன். மேல் லைன் ஹேண்டில் ஒடிக்கிறப்ப மட்டும் அசையும். கீழ் லைனுக்கு ரெண்டு அசைவு, ஹேண்டில் ஒடிக்கிறதும் உண்டு, ஃபோர்க் ஏறி இறங்குறதும் உண்டு. பின்னாலயும் ஏபிஎஸ் இருக்கிற வண்டின்னா கால் பிரேக் பக்கமும் இதே மாதிரி ரெண்டு, ஆக யூனிட்டுல நாலு லைன். உன் வண்டிக்கு ரெண்டுதான்.

ரைசர் போட்டா ஹேண்டில் மட்டும்தான் உயருது. ஃபோர்க்கும் சக்கரமும் இருந்த இடத்துலயே இருக்கு. அப்போ கீழ் லைனுக்கு ஒரு பாதிப்பும் கிடையாது. எட்டாம போனது மேல் லைன் ஒண்ணுதான். ஒரு ஹோஸ் கட்டைன்னு சொல்லி மொத்த அமைப்பையே அறுத்து எறியச் சொன்னா அது வைத்தியம் இல்லப்பா.

ஏன் ரெண்டு லைன்னு கேட்டே. கைக்கும் சக்கரத்துக்கும் நடுவுல நின்னாதான் யூனிட்டால வழியை மறிக்க முடியும். உள்ள ஒரு சக்கரத்துக்கு ரெண்டு வால்வு. ஒண்ணு கைப்பக்கம், சாதாரணமா திறந்தே இருக்கும். இன்னொண்ணு சாதாரணமா மூடியே இருக்கும். சக்கரத்து ஓரத்துல பல்லு வெட்டின வளையமும் அதைப் படிக்கிற சென்சாரும் பார்த்திருப்பே. சக்கரம் உருளாம வழுக்கப் போகுதுன்னு சென்சார் சொன்னதும் கைப்பக்க வால்வு மூடும். நீ எவ்வளவு அமுக்கினாலும் அதுக்கு மேல அழுத்தம் கீழ போகாது. அதுக்கும் சக்கரம் விடலேன்னா ரெண்டாவது வால்வு திறந்து, கேலிப்பர்ல நிக்கிற ஆயிலைக் கொஞ்சம் ஒரு சின்ன அறைக்குள்ள விடும். சக்கரம் மறுபடி உருள ஆரம்பிக்கும். அறையில சேர்ந்த ஆயிலை ஒரு குட்டி பம்ப் திரும்ப உன் கைப்பக்கம் தள்ளிவிடும். லீவர்ல தடதடன்னு அடிக்குமே, அது இதுதான். கண் இமைக்கிற நேரத்துல இது பல தடவை நடக்கும். கரண்ட் இல்லேன்னா திறந்தது திறந்தபடி, மூடினது மூடினபடி இருக்கிறதால, விளக்கு எரிஞ்சாலும் பழைய மாதிரி சாதாரண பிரேக் பிடிக்கும். ஏபிஎஸ் மட்டும் இருக்காது.

1988-ல பிஎம்டபிள்யூ கே100-ல முதன்முதலா இதை வச்சப்ப அந்த அமைப்போட எடை கிட்டத்தட்ட 11 கிலோ. அவ்வளவு சுமந்தாலும் பரவாயில்லன்னு வச்சான். இன்னைக்கு உன் டேங்குக்கு அடியில இருக்கிற யூனிட் ஒரு கிலோ வராது. நம்ம நாட்டுலயும் 125 சிசிக்கு மேல புது மாடல்னா 2018 ஏப்ரல் 1-லிருந்து, ஏற்கெனவே வித்துக்கிட்டிருந்த மாடல்னா 2019 ஏப்ரல் 1-லிருந்து ஏபிஎஸ் கட்டாயம். இடமும் எடையும் இவ்வளவு குறைஞ்ச ஒரு சாமானை, அரையடி ஹோஸுக்காகக் கழற்றச் சொல்றதை என்னால ஒத்துக்க முடியல.

லீவர் கல்லு மாதிரி ஆகும்னு சொன்னாங்களா? லீவர் பஞ்சு மாதிரி இருந்தா உள்ள காத்து இருக்கு, இல்லேன்னா ஆயில் பழசு, இல்லேன்னா ரப்பர் ஹோஸ் ஊதுது. நேர் லைன் போடுறவன் புது ஹோஸ் போட்டு, புது ஆயில் ஊத்தி, காத்தையும் எடுக்கிறான். லீவர் கெட்டிப்படுறது அதனால. அதே வேலையை யூனிட்டை வச்சுக்கிட்டே செஞ்சாலும் கெட்டிப்படும்.

உன் வண்டிக்கு வருவோம். இடது ஒடிக்கிறப்ப வலது கைப்பிடி முன்னால போகுது, கழுத்தை விட்டு விலகுது. அதனாலதான் ஹோஸுக்கும் ஆக்சிலேட்டர் கேபிளுக்கும் இடது பக்கம்தான் சோதனை. இன்ஜின் சத்தம் ஏறுதுன்னா கேபிளும் இழுபடுதுன்னு அர்த்தம். கொண்டை ஊசியில இடது திரும்புறப்ப தானா ஆக்சிலேட்டர் ஏறினா என்ன ஆகும்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல.

ஆயில் கப்போட இருக்கிற மாஸ்டர் சிலிண்டர்ல ஹோஸைப் பிடிக்கிற போல்ட்டுக்கு பேஞ்சோ போல்ட்னு பேரு. அதுக்கு மேல ஒண்ணு, கீழ ஒண்ணுன்னு ரெண்டு செப்பு வாஷர் இருக்கும். ஒரு தடவை நசுங்கினா அதோட வேலை முடிஞ்சது, கழற்றினா புதுசுதான் போடணும். ரைசர் போட்டவங்க ஹோஸைத் திருப்பி விடுறதுக்காக அந்த போல்ட்டைத் தளர்த்தி, பழைய வாஷரோடயே முறுக்கியிருப்பாங்க. ஒவ்வொரு இடது திருப்பத்துலயும் ஹோஸ் அதை நெம்புது. கசியுற ஆயில் ஓட்டத்துல காத்துக்குப் பறந்து டேங்க்ல விழுது. டாட் 4-ங்கிற பிரேக் ஆயில் பெயிண்ட்டைத் தின்னும். துடைச்சா போதாது, பட்ட உடனே தண்ணி ஊத்திக் கழுவணும்.

ஏபிஎஸ் விளக்குக்குக் காரணம் சென்சார் வயரா இருக்கணும். சக்கரத்துல இருந்து வர்ற அந்த வயர் கீழ் லைனை ஒட்டித்தான் மேல வரும். எங்கேயாவது கேபிள் டை போட்டு இறுக்கிக் கட்டியிருக்காங்களான்னு பாரு. ஃபோர்க் இறங்குறப்ப வயர் நீள இடம் வேணும். வேகத்தடையில மட்டும் விளக்கு வருதுன்னா அதுதான் சந்தேகம்.

நீயே பார்க்க முடியும். முன் சக்கரத்தைத் தூக்கி நிறுத்து, ஃபோர்க் தொங்கட்டும். டார்ச் அடிச்சுக்கிட்டு இடது கடைசி, வலது கடைசி மெதுவா ஒடி. எந்த ஹோஸும் விறைக்கக் கூடாது, மடங்கி ஒடியக் கூடாது, டயரைத் தொடக் கூடாது. இடது கடைசியில மேல் லைனை விரலால தள்ளினா கொஞ்சமாவது அசைஞ்சு கொடுக்கணும். அப்புறம் சக்கரத்தை இறக்கி, ஆளை உட்கார வச்சு ஃபோர்க்கை அமுக்கி மறுபடி பாரு. ஹோஸ் மேல எழுத்தோ கோடோ அச்சடிச்சிருக்கும். அது நேரா ஓடாம சுத்திக்கிட்டு ஓடினா ஹோஸை முறுக்கி மாட்டியிருக்காங்கன்னு தெரிஞ்சுக்கோ.

இன்னொண்ணு முக்கியம். ஹெட்லைட்டுக்குக் கீழ இருந்த கம்பி வளையத்தை நீ சாதாரணமா சொல்லிட்டே. ஹேண்டில் கடைசியில முட்டி நிக்கிறதுக்கு கழுத்துல ஒரு இரும்பு முட்டு இருக்கு. ஹோஸ் அதுக்கு நடுவுல போய் விழாம தள்ளிப் பிடிக்கிறது அந்த வளையம்தான். வளையம் இல்லாத ஹோஸ் எங்க போய் நிக்கும்னு யாருக்கும் தெரியாது. அங்க கடிபட்டிருக்கான்னு முதல்ல பார்த்துட்டு எழுது.

போடி_ஏலம்

அண்ணே, சொன்ன மாதிரியே வீட்டு வாசல்ல பக்கத்து வீட்டுத் தம்பியை வச்சுக்கிட்டு பார்த்தேன். கை நடுங்கிடுச்சு.

மேல் லைன்ல, முட்டுக்கு நேரா, நெல்லு மணி நீளத்துக்கு ரெண்டு வெட்டு. தொட்டா தெரியாது. வளைச்சுப் பார்த்தா வாய் திறக்குது, உள்ள வெள்ளை நூல் பின்னல் தெரியுது. இதோடதான் ரெண்டு மாசமா மலை இறங்கியிருக்கேன். பின்னால பாதி நாள் எங்க தோட்டத்து மேஸ்திரி உட்கார்ந்து வருவார், அவருக்கு மூணு பிள்ளைங்க.

சென்சார் வயரும் நீங்க சொன்னபடிதான். ஃபோர்க்ல மட்கார்டுக்கு மேல கறுப்பு கேபிள் டை போட்டு வயரை இறுக்கிக் கட்டியிருக்கு. சக்கரத்தைத் தூக்கினதும் வயர் நீட்டி நிக்குது. டையை வெட்டிவிட்டேன். வண்டியைத் தொடல இப்ப. ஜீப்லதான் போறேன்.

ரைசரைக் கழற்றித்தான் ஆகணுமா? முதுகுக்கு அது இல்லாம முடியல.

புளியரை_டீச்சர்

தம்பி, உங்கள் பதிவைப் படித்தவுடனே என் வண்டியைப் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் எழுதுகிறேன். நான் புளியரையிலிருந்து ஆரியங்காவுக்குத் தினமும் பைக்கில் போகிறேன். எனக்கு இரண்டு சக்கரத்துக்கும் ஏபிஎஸ். அண்ணன் முன்பக்கம் பற்றி விரிவாகச் சொல்லிவிட்டார். பின்பக்கத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

பின் லைன் யூனிட்டிலிருந்து இறங்கி ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கி ஏறி இறங்கும் கை) மேல் ஓடிக் கேலிப்பருக்குப் போகும். வழியில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கிளிப் பிடித்திருக்கும். பஞ்சர் ஒட்டும்போது அது உடைந்திருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை. சத்தமும் இல்லை, பிரேக்கிலும் வித்தியாசம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவும்போது ஹோஸின் ஓரத்தில் ஒரு விரல் நீளத்துக்கு மட்டும் பளபளவென்று கண்ணாடி போல் இருந்தது. மற்ற இடமெல்லாம் மங்கிய கறுப்பு. பின்னால் ஆள் ஏறி ஸ்விங் ஆர்ம் மேலே வரும்போதெல்லாம் டயர் அதைத் தேய்த்திருக்கிறது. ஹோஸில் எங்காவது பளபளப்பாகத் தெரிந்தால் அங்கே எதுவோ உரசுகிறது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன். புது ஹோஸும் புது கிளிப்பும் போட்டேன்.

இங்கே தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் சாலை காயவே காயாது. எதிரே தடி லாரி வளைவில் முழு ரோட்டையும் அடைத்துக்கொண்டு வந்தபோது இரண்டு பிரேக்கையும் முழுதாக அழுத்தினேன். லீவர் அடித்தது, சக்கரம் நேராகவே நின்றது. அதற்காகவே சொல்கிறேன், யூனிட்டைக் கழற்ற வேண்டாம்.

லோயர்கேம்ப்_ஒர்க்ஷாப்

டீச்சர் சொன்ன பளபளப்பு சங்கதி நூத்துக்கு நூறு சரி. நானும் துணியை வச்சுத் துடைக்கிற நேரத்துல அதைத்தான் தேடுவேன்.

போடித் தம்பி, நூல் தெரிஞ்ச ஹோஸுக்கு மறுவாழ்வு கிடையாது. டேப் சுத்துறேன், டியூப் மாட்டுறேன்னு யார் சொன்னாலும் கேட்காதே. ரைசரை வச்சுக்கணும்னா ரெண்டு வழி. 20 மில்லிமீட்டர் ரைசராக் குறைச்சு, கம்பெனி ஹோஸே புதுசு வாங்கி, வளையத்துக்குள்ள விட்டு இடது கடைசியில தளர்வு இருக்கான்னு பார்க்கலாம். இல்ல, 40-தான் வேணும்னா மேல் லைனை மட்டும் நீளமா வாங்கணும். ரெண்டு முனையும் மிஷின்ல அழுத்திப் பொருத்தி, அழுத்தச் சோதனை போட்ட ஹோஸா இருக்கணும், பேஞ்சோ முனையோட கோணமும் பழசு மாதிரியே இருக்கணும். ஆக்சிலேட்டர் கேபிளும் நீளம் மாத்தணும். என் மனசுக்கு முதல் வழிதான் பிடிச்சிருக்கு.

மாட்டுறப்ப செப்பு வாஷர் எல்லாம் புதுசு. பேஞ்சோ போல்ட்டை முறுக்கும்போது ஹோஸும் கூட சுத்தும், ஒரு கையால அதைப் பிடிச்சுக்கணும். எவ்வளவு முறுக்கணும்னு உன் வண்டி சர்வீஸ் புத்தகத்துல இருக்கும், டார்க் ரெஞ்ச் (முறுக்குற அளவைக் காட்டுற ஸ்பானர்) வச்சே முறுக்கச் சொல்லு.

ஆயில் முழுசா மாத்திடு. டாட் 4 புதுசுல குறைஞ்சது 230 டிகிரியில கொதிக்கணும். ஈரம் குடிச்சுப் போச்சுன்னா அந்த அளவு 155 டிகிரிக்கு இறங்கிடும். நீ 17 வளைவு இறங்கி முந்தலுக்கு வர்றப்ப டிஸ்க்ல தண்ணி தெளிச்சா சுர்ருங்கும். ஆயில் கொதிச்சா லீவர் கைப்பிடியைத் தொட்டுட்டு சும்மா நிக்கும். மூடுபனியிலயே கிடக்கிற வண்டிக்கு ரெண்டு வருஷம் தாண்டவே கூடாது. டாட் 5-னு எழுதின டப்பாவை யாராவது கொடுத்தா வேண்டாம்னு சொல்லு, அது சிலிக்கான், ஏபிஎஸ்ஸுக்கு ஆகாது. 5.1 வேற, அது பரவாயில்ல.

காத்து எடுக்கிறப்ப கப்புல ஆயில் வத்தவே விடக்கூடாது. வத்தினா காத்து யூனிட்டுக்குள்ள இறங்கும். மூடியே இருக்கிற வால்வுக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துட்டா லீவரை எத்தனை தடவை அடிச்சாலும் வராது. கம்ப்யூட்டர் மாட்டி பம்பை ஓட விட்டாதான் வரும். கப்பு சமமா, மத்த எல்லாத்தையும் விட உயரத்துல இருக்கிற மாதிரி ஹேண்டிலைத் திருப்பி வச்சு எடுக்கணும். எடுத்து முடிச்சு, ராத்திரி லீவரை இழுத்து கைப்பிடியோட ரப்பர் போட்டுக் கட்டி வை. மிச்சமிருக்கிற சின்னக் குமிழி காலையில மேல வந்திருக்கும்.

போடி_ஏலம்

வேலை முடிஞ்சது. ஹோஸ் வர ஒன்பது நாள் ஆச்சு. 20 மில்லிமீட்டர் ரைசர் போட்டு, ஹேண்டிலைக் கொஞ்சம் பின்னால சாய்ச்சு வச்சோம். ஹோஸ் வளையத்துக்குள்ள போகுது. இடது கடைசியில ஒரு விரல் உள்ள நுழையுற அளவுக்குத் தளர்வு இருக்கு. இன்ஜின் சத்தம் ஏறல. காத்து எடுத்தப்ப முதல்ல வந்த ஆயில் டீத்தூள் தண்ணி நிறத்துல இருந்தது, வெட்கமாப் போச்சு. லீவரை ராத்திரி கட்டி வச்சேன். காலையில உண்மையாவே இன்னும் கெட்டியா இருந்தது.

முந்தாநாள் ஆளில்லாத மண் ரோட்டுல 30 வேகத்துல முன் பிரேக்கை அழுத்திப் பார்த்தேன். லீவர் தடதடன்னு அடிச்சது, சக்கரம் பிடிச்சுக்கல. வண்டி வாங்கி நாலு வருஷத்துல அதை இப்பதான் கையில உணர்றேன். நேத்து மேஸ்திரியை ஏத்திக்கிட்டு இறங்கினேன். வேகத்தடையில விளக்கு வரல. டீச்சரக்கா, உங்களுக்கும் நன்றி, டிரம்மா இருந்தாலும் பின்பக்கத்தையும் ஒரு தடவை துடைச்சுப் பார்த்துட்டேன்.

சாந்தம்பாறை_ரைடர்

ஒர்க்ஷாப் அண்ணே, இதையெல்லாம் படிச்சபிறகு எனக்கு ஒரு சந்தேகம். என் வண்டியிலயும் விளக்கு எரிய ஆரம்பிச்சது முன் சக்கரம் பஞ்சர் ஒட்டின மறுநாள்தான். யாரும் சென்சாரைப் பார்க்கல. நேரா யூனிட் போச்சுன்னுதான் சொன்னாங்க. பழைய யூனிட் வீட்டுலதான் இருக்கு. திரும்ப மாட்ட முடியுமா?

லோயர்கேம்ப்_ஒர்க்ஷாப்

பஞ்சர் ஒட்டின மறுநாளா? அப்போ பல்லு வளையம் வளைஞ்சிருக்கலாம், சென்சார் தள்ளிப் போயிருக்கலாம், வயர் நசுங்கியிருக்கலாம். யூனிட்டுக்குப் பழி போட்டு சென்சார்ல குறை இருந்த வண்டி என்கிட்ட நிறைய வந்திருக்கு. கழற்றின யூனிட்டோட லைன் ஓட்டைகளை மூடி வச்சிருந்தாங்களா?

சாந்தம்பாறை_ரைடர்

இல்லண்ணே. பாலிதீன் பையில போட்டு பரண்ல கிடக்கு. இப்ப எடுத்துப் பார்த்தேன், ஓட்டை ரெண்டும் திறந்துதான் இருக்கு. ஒரு ஓட்டை ஓரத்துல பச்சையா ஏதோ பூத்திருக்கு.

லோயர்கேம்ப்_ஒர்க்ஷாப்

ஒரு மழைக்காலம் திறந்தே கிடந்திருக்கு, உள்ள ஈரம் போயிருக்கும். சரியாகும்னு வாக்கு கொடுக்க மாட்டேன். அதைச் சுரண்டாதே, ஊதாதே, பெட்ரோல் ஊத்திக் கழுவாதே. அப்படியே துணியில சுத்தி எடுத்துக்கிட்டு வா. வண்டியும் வரட்டும், முதல்ல சென்சாரைப் பார்ப்போம். மழை விட்ட நாளாப் பார்த்து, குமுளி வழியா மெதுவா இறங்கு.